நிறம் தேடிய மனிதர்கள் – 9: சூளையில் பிறந்த நீலம்

சென்ற வாரம் டெல்ஃப்ட் நகரத்தில் நிறுத்தியிருந்தோம். 1675 டிசம்பரில் ஓவியர் வெர்மீர் இறந்தபோது வீட்டில் பதினொரு பிள்ளைகளும் தீராத கடனும் மிஞ்சின. ரொட்டிக் கடைக்காரருக்குச் சேர வேண்டிய 617 கில்டருக்கு ஈடாக, கணவரின் இரண்டு ஓவியங்களை ஒப்படைத்தார் மனைவி கத்தரீனா. அந்த ஓவியரின் கையால்தான், பால் ஊற்றும் ஒரு வேலைக்காரப் பெண்ணின் முன்துணிக்கு ஐரோப்பாவிலேயே விலை கூடிய நீலம் பூசப்பட்டிருந்தது.

அந்த நீலத்தின் பெயர் அல்ட்ராமரைன். ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளில் வெட்டியெடுக்கும் லாபிஸ் லசூலி என்ற கல்தான் அதன் மூலம். கல்லைப் பொடித்து, பைன் பிசின், மாஸ்டிக் பிசின், தேன்மெழுகு சேர்த்துப் பிசைந்து, மூன்று நாளாவது ஊறவிட்டு, சாம்பல் காரநீரில் கசக்கிக் கசக்கி நீலத்தை இறக்க வேண்டும். ஒரு கிலோ கல்லுக்கு நல்ல நீலம் சுமார் 30 கிராம்தான் தேறும்.

அதனால்தான் 1485-ல் ஃப்ளாரன்ஸின் அனாதைக் குழந்தைகள் இல்லத்துக்குப் பலிபீட ஓவியம் வரைய ஓவியர் கிர்லாந்தாயோ ஒப்பந்தம் போட்டபோது, ஓர் அவுன்ஸ் நான்கு ஃப்ளோரின் மதிப்புள்ள நீலத்தையே பூச வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். ஒரு வண்ணத்தின் விலையைப் பத்திரத்தில் எழுதிய காலம் அது.

அந்தக் காலம் எப்படி முடிந்தது? அதைச் சொல்கிறது இந்த வாரம். மன்னர்களோ படைகளோ இதில் இல்லை. சோடா உலைகள், ஒரு பரிசு அறிவிப்பு, ஒருவரையொருவர் நம்பாத இரண்டு வேதியியலாளர்கள்: இவ்வளவுதான்.

*

மூவாயிரம் பிராங்க்

பாரிஸ், 1820-கள். வண்ணக் கடையில் ஒரு கிலோ அசல் அல்ட்ராமரைன் 3,000 முதல் 5,000 பிராங்க் வரை விற்றது. அன்றைய பாரிஸ் கூலித் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று பிராங்க் கிடைக்கும். உண்ணாமல் உடுக்காமல் மூன்று ஆண்டு உழைத்தாலும் அவரால் ஒரு கிலோ நீலம் வாங்க முடியாது.

மாற்று நீலங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு குறை.

அசூரைட் என்ற செம்புத் தாதுவில் பச்சைச் சாயல் தட்டும். கோபால்ட் சேர்த்த கண்ணாடியை அரைத்துச் செய்யும் ஸ்மால்ட், எண்ணெயில் குழைத்துப் பூசினால் நாளடைவில் சாம்பல் நிறமாக வெளிறும். அவுரி வெயிலில் மங்கும்.

1706-ஐ ஒட்டி பெர்லினில் தற்செயலாகக் கிடைத்த பிரஷ்யன் நீலம் ஐரோப்பா முழுவதும் பரவியது. மலிவும் அழுத்தமும் அதன் பலம். ஆனால் சுண்ணாம்பு பட்டால் அது கெட்டுவிடும், சுவரோவியத்துக்கு ஆகாது.

1802-ல் பிரெஞ்சு அரசின் வேண்டுகோளுக்கு இணங்க வேதியியலாளர் தெனார் கோபால்ட் நீலத்தைச் செய்து கொடுத்தார். நிலையான, அருமையான வண்ணம். ஆனால் கோபால்ட் மலிவான உலோகம் இல்லை. அதோடு, செவ்வூதாவை நோக்கிச் சாயும் அல்ட்ராமரைனின் ஆழம் அதில் வரவில்லை.

அல்ட்ராமரைனோ சுண்ணாம்பைத் தாங்கும், வெயிலைத் தாங்கும், எண்ணெயிலும் நீரிலும் நிற்கும். ஐந்நூறு ஆண்டுகள் ஆன ஓவியங்களில்கூட அல்ட்ராமரைன் அப்படியே ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதற்கு நிகரான நீலம் அதுவரை கிடைக்கவில்லை.

இதன் விளைவைப் பணக்கணக்கோடு மட்டும் நிறுத்திவிடக் கூடாது. விலை உயர்ந்த வண்ணம் யாருக்குப் பூசப்படும் என்பதைப் பணம் கொடுப்பவர்தான் தீர்மானிப்பார். கன்னி மரியாளின் மேலங்கி நீலமாக இருந்ததற்குப் பக்தி ஒரு காரணம். மிக விலையுயர்ந்ததை அவளுக்கே படைக்க வேண்டும் என்ற எண்ணமும் அந்தப் பக்திக்குள்ளேயே இருந்தது. வேலைக்காரப் பெண்ணுக்கு அதே நீலத்தைப் பூசிய வெர்மீர் ஒரு விதிவிலக்கு. ஓர் ஓவியர் தன் விருப்பப்படி நீலத்தை அள்ளிப் பூச வேண்டுமானால் முதலில் விலை இறங்கியாக வேண்டும்.

*

சுண்ணாம்புச் சூளையில் ஒரு கறை

விடை பல காலமாகக் கண்ணெதிரிலேயே இருந்தது.

1787 ஏப்ரலில் ஜெர்மானியக் கவிஞர் கோதே சிசிலித் தீவில், பலேர்மோ நகரில் இருந்தார். கற்களின் மீது அவருக்குத் தீராத ஆர்வம். அவ்வூர்ச் சுண்ணாம்புச் சூளைகளின் உட்சுவரில் கண்ணாடி போல உறைந்த நீலக் கட்டிகள் படிவதை அவர் குறித்துவைத்தார். உள்ளூர்க் கைவினைஞர்கள் அவற்றைப் பெயர்த்தெடுத்து, பலிபீடங்களையும் கல்லறைகளையும் அணிசெய்ய லாபிஸ் லசூலிக்குப் பதிலாகப் பதித்துவந்தார்கள்.

சூளையில் வேலை செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. கல் பதிப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அது வேதியியல் அறிந்தவர்களின் மேசைக்குப் போய்ச் சேரவில்லை. போயிருந்தாலும் அவர்கள் நம்பியிருப்பார்களா என்பது சந்தேகம். அதற்குக் காரணம் அன்றைய வேதியியலின் ஒரு பிடிவாதம்.

நீலம் என்றால் உள்ளே ஓர் உலோகம் இருந்தாக வேண்டும் என்று அன்று எண்ணினார்கள். அசூரைட்டில் செம்பு, பிரஷ்யன் நீலத்தில் இரும்பு, ஸ்மால்ட்டில் கோபால்ட். எனவே லாபிஸ் லசூலியிலும் ஏதோ ஓர் உலோகம் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தால் வண்ணத்தைச் செய்துவிடலாம். இப்படித்தான் தேடல் போய்க்கொண்டிருந்தது.

1806-ல் கிளெமான், தெசோர்ம் என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் அல்ட்ராமரைனைப் பகுத்துப் பார்த்து முடிவை வெளியிட்டார்கள். கிடைத்தவை: சிலிக்கா, அலுமினா, சோடா, கந்தகம்.

மணலில் இருப்பது சிலிக்கா. களிமண்ணில் இருப்பது அலுமினா. சலவைக்குப் போடுவது சோடா. தீப்பெட்டிக்கும் வெடிமருந்துக்கும் வேண்டியது கந்தகம். முதல் மூன்றும் வெள்ளை, நான்காவது மஞ்சள். நீலத்துக்கு நேர் பொறுப்பாளி என்று சுட்டிக்காட்ட இந்தப் பட்டியலில் ஓர் உலோகமும் இல்லை.

தெருவில் கிடைக்கும் பொருள்களால் ஆனது, தங்கத்தோடு ஒப்பிடப்பட்ட அந்த வண்ணம். அப்படியானால் அதைச் செய்ய முடியாமல் இருப்பதற்குக் காரணம் என்ன?

*

சான்-கோபானின் உலை

அடுத்த தடயம் 1814-ல், மீண்டும் ஓர் உலையில் கிடைத்தது.

சான்-கோபான் பிரான்ஸின் புகழ்பெற்ற கண்ணாடித் தொழிற்சாலை. கண்ணாடிக்கு சோடா வேண்டும். கடற்பாசிச் சாம்பலை நம்பியிருந்த நாட்டில், 1791-ல் நிக்கோலா லெப்ளாங்க் உப்பிலிருந்து சோடா எடுக்கும் வழியைக் காட்டியிருந்தார். உப்பைக் கந்தக அமிலத்தோடு வினைபுரியச் செய்து, கிடைத்ததைச் சுண்ணாம்புக்கல்லோடும் கரியோடும் கலந்து உலையில் காய்ச்ச வேண்டும்.

அந்த சோடா உலைகளைக் கவனித்துவந்தவர் தசார். பழுதான ஓர் உலையை உடைத்தபோது அதன் தளத்தில் நீலமான ஒரு கட்டியைப் பார்த்தார். உலையைப் பிரித்தெடுக்கும்போது இப்படி எத்தனையோ கறைகள் வரும், குப்பையில் கொட்டுவார்கள். தசார் கொட்டவில்லை. ஒரு துண்டை எடுத்து பாரிஸில் இருந்த வோக்லானுக்கு அனுப்பினார்.

குரோமியத்தைக் கண்டுபிடித்தவர் அந்த வோக்லான். ஐரோப்பாவின் மிகத் தேர்ந்த பகுப்பாய்வாளர்களில் ஒருவர். உலைக் கட்டியைச் சோதித்த அவர், அதன் கூறுகளும் தன்மையும் அல்ட்ராமரைனை ஒத்திருப்பதைக் கண்டார்.

இப்போது யோசித்தால் எல்லாம் பொருந்துகிறது. உலைக்குள் சோடா இருந்தது. கந்தக அமிலத்தின் வழியாகக் கந்தகம் வந்திருந்தது. கரி இருந்தது. உலைத்தளம் கட்டிய பொருளில் சிலிக்காவும் அலுமினாவும் இருந்தன. பல நாள் நீடிக்கும் கடும் வெப்பமும் இருந்தது. 1806-ல் கிளெமானும் தெசோர்மும் போட்ட பட்டியல் முழுக்க அந்த உலைக்குள் தானாகவே கூடியிருந்தது.

இயற்கை பல இலட்சம் ஆண்டுகளில் மலைக்குள் செய்ததை, ஒரு தொழிற்சாலை உலை தெரியாமலே செய்துவிட்டது. தெரியாமல் நடந்ததை மனிதர் தெரிந்து செய்ய வேண்டும். அது மட்டும்தான் பாக்கி.

அந்தப் பாக்கியைத் தீர்க்கப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது.

*

1824: ஒரு பந்தயம்

பாரிஸில் 1801 முதல் இயங்கிவந்தது தேசியத் தொழில் ஊக்குவிப்புச் சங்கம். நாட்டின் தொழிலுக்குத் தேவையான, ஆனால் யாருக்கும் விடை தெரியாத சிக்கல்களைப் பட்டியலிடும். தீர்ப்பவருக்குப் பரிசு தரும்.

1824-ல் சங்கம் அறிவித்தது: லாபிஸ் லசூலியின் நீலத்துக்கு எல்லா வகையிலும் நிகரான அல்ட்ராமரைனைச் செயற்கையாகச் செய்பவருக்கு 6,000 பிராங்க் பரிசு.

அதோடு ஒரு நிபந்தனை. செய்யும் நீலம் கிலோ 300 பிராங்குக்கு மேல் போகக் கூடாது.

இந்த நிபந்தனைதான் அறிவிப்பின் உயிர். ஆய்வகத்தில் ஒரு சிட்டிகை நீலத்தைச் செய்துகாட்டி மேதையென்று பெயர் வாங்குவது சங்கத்துக்குப் பொருட்டில்லை. இருக்கும் விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே ஓவியரின் கையில் அது வந்து சேர வேண்டும். எந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் கேட்டிருக்க முடியாது.

ஒரு வருடம் போனது. இரண்டு போயின. வந்தவை கோபால்ட்டையும் பிரஷ்யன் நீலத்தையும் வைத்துச் செய்த கலவைகள். நீலமாக இருந்தன, அல்ட்ராமரைனாக இல்லை. இயற்கை அல்ட்ராமரைனின் மேல் அமிலம் விட்டால் நிறம் போய், அழுகிய முட்டை நாற்றம் எழும். உள்ளே கந்தகம் இருப்பதற்கு அதுவே சாட்சி. வேறு நீலங்களைக் கலந்து இந்த இயல்பை வரவழைக்க முடியாது. சங்கம் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தது.

பரிசுப் பணம் பெட்டியிலேயே கிடந்தது.

*

துலூஸ் நகரத்து அதிகாரி

தென் பிரான்ஸின் துலூஸ் நகரத்தில், அரசின் வெடிமருந்து–வெடியுப்புத் துறையில் ஓர் இளம் அதிகாரி இருந்தார். பெயர் ழான்-பாப்டிஸ்ட் கிமே. 1795-ல் பிறந்தவர், புகழ்பெற்ற எக்கோல் பாலிடெக்னிக்கில் படித்தவர். பணியினால் கந்தகமும் கரியும் அன்றாடம் அவர் கையில் புழங்கின.

1826-ல் அவருக்கும் ரோசலி பிதோவுக்கும் திருமணம் நடந்தது. ரோசலி ஓவியக் குடும்பத்தில் பிறந்தவர். தானும் தூரிகை பிடித்தவர். அல்ட்ராமரைனுக்குக் கொடுக்க வேண்டியிருந்த விலை ஓர் ஓவியருக்கு என்ன வேதனை என்பது அவருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிமேயை இந்தத் தேடலில் ஊக்கியவர் அவர்தான் என்று சொல்லப்படுகிறது.

வெடிமருந்துத் துறைக்காரர் ஒருவரும் ஓவியர் ஒருவரும் ஒரே வீட்டில். ஒருவருக்குப் பொருள்கள் தெரியும். மற்றவருக்குத் தேவை தெரியும். இந்தக் கண்டுபிடிப்புக்கு இதைவிடப் பொருத்தமான வீடு அமைந்திருக்காது.

கிமே தன் செய்முறையை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பின்னாளில் எல்லாத் தொழிற்சாலைகளும் கைக்கொண்ட வழியை வைத்து, உலைக்குள் என்ன நடக்கிறது என்று நாம் இன்று சொல்ல முடியும்.

வெண்களிமண்ணான கயோலின், சோடா, கந்தகம், கரி ஆகியவற்றை மாவாக அரைத்துக் கலக்க வேண்டும். காற்று புகாதபடி மூடிய மட்பாண்டங்களில் அடைத்து, 700 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை பல மணி நேரம் சூடாக்க வேண்டும். பிறகு அவசரப்படாமல் ஆறவிட வேண்டும்.

இங்கேதான் பலர் தோற்றிருப்பார்கள். ஏனென்றால் காற்றில்லாமல் வெந்த கலவை நீலமாக வருவதில்லை, பச்சையாக வரும். அதைப் பார்த்துத் தோல்வி என்று முடிவு கட்டினால் கதை அங்கேயே முடிந்துவிடும். அந்தப் பச்சையை அடுத்த கட்டமாகக் காற்றுப்பட மீண்டும் வறுக்க வேண்டும். அப்போதுதான் கந்தகம் தன் நிலை மாறுகிறது. பச்சை மெல்ல மெல்ல நீலத்துக்குள் நகர்கிறது. கழுவி, உப்பு நீக்கி, மாவாக அரைத்தால் அல்ட்ராமரைன்.

காற்றை எப்போது அடைப்பது, எப்போது திறப்பது? அந்த நீலத்தின் ரகசியம் முழுக்க அந்தக் கதவில் இருந்தது. 1826-ல் கிமே அதைப் பிடித்துவிட்டார்.

பரிசுக்கு ஓடுவதற்கு முன் வண்ணம் ஓவியர் கையில் நிற்கிறதா என்று தெரிய வேண்டும். 1827-ல் லூவர் அரண்மனையின் ஒரு கூரைக்காக ஆங்ர் 'ஹோமரின் தெய்வநிலை' என்ற பேரோவியத்தை வரைந்துகொண்டிருந்தார். பிரெஞ்சு ஓவிய மரபின் காவலராக மதிக்கப்பட்டவர் அவர். அதில் ஓர் உருவத்தின் நீல ஆடைக்குப் பூசியது கிமேயின் நீலத்தை.

மலையைப் பார்த்திராத நீலம் அரண்மனைக் கூரையில் ஏறிவிட்டது.

*

பிப்ரவரி 4, 1828

அன்று பாரிஸில் அறிவியல் கழகம் கூடியது. எழுந்து பேசியவர் கே-லூசாக். நம் பள்ளி மாணவர்கள் வாயுக்களின் விதியில் படிக்கும் அதே கே-லூசாக்தான். கிமே என்பவர் செயற்கை அல்ட்ராமரைனைச் செய்வதில் வெற்றிபெற்றுவிட்டார் என்று அவர் அறிவித்தார்.

செய்தி எல்லை தாண்டி ஜெர்மானிய நகரமான டூபிங்கனுக்குப் போனது. அங்கே ஒருவர் அதிர்ந்து போனார்.

அவர் கிறிஸ்டியான் க்மெலின், டூபிங்கன் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர். லித்தியம் உப்பு சுடருக்குச் சிவப்பு நிறம் தருவதை 1818-ல் கவனித்துச் சொன்னவர். அல்ட்ராமரைனைச் செய்ய அவரும் உழைத்துவந்தார். 1827-ல் பாரிஸ் போயிருந்தபோது, இதைச் செயற்கையாகச் செய்ய முடியும் என்று வேதியியலாளர்கள் சிலரிடம் மனம் திறந்து பேசியிருந்தார். அந்தச் சிலரில் கே-லூசாக்கும் ஒருவர்.

அவருடைய மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. யாரிடம் சொன்னாரோ அவர் வாயாலேயே இன்னொருவரின் வெற்றி அறிவிக்கப்படுகிறது.

க்மெலின் ஒரு முடிவெடுத்தார். தன் செய்முறையை முழுக்க, அளவுகளோடு, அந்த ஆண்டே அச்சில் வெளியிட்டார். முதலில் நான்தான் என்று உரிமையும் கோரினார்.

கிமேயின் பதில் உறுதியாக இருந்தது. தான் 1826-லேயே செய்து முடித்துவிட்டதாகவும், ரகசியம் காத்ததால்தான் வெளியே தெரியவில்லை என்றும் சொன்னார். ஆங்ர் ஓவியம் 1827-லேயே கூரையில் இருந்தது. சங்கம் 6,000 பிராங்க் பரிசை 1828-ல் கிமேக்கே வழங்கியது.

யார் முதல் என்ற வழக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இருவரும் தேர்ந்த வழிகள். ஒருவர் செய்முறையைப் பூட்டி வைத்தார். மற்றவர் ஊரறிய அச்சிட்டார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அந்த நீலத்தின் விதியை எழுதியவை இந்த இரண்டு முடிவுகள்தாம்.

*

பூட்டிய வழியும் திறந்த வழியும்

கிமே 1831-ல் லியோன் நகருக்கு அருகே, சோன் ஆற்றங்கரையில் ஃப்ளூரியூ என்ற ஊரில் தொழிற்சாலை தொடங்கினார். செய்முறை குடும்பத்துக்குள் இருந்தது. செல்வம் குவிந்தது.

ஜெர்மனியில் வேறொன்று நடந்தது. மைசன் பீங்கான் தொழிற்சாலையில் கெட்டிக் என்பவர் அதே காலத்தில் தனி வழியில் நீலத்தைச் செய்துகாட்டினார். க்மெலினின் கட்டுரை படிக்கக் கிடைத்ததால் மற்றவர்களும் துணிந்தார்கள். 1834-ல் கார்ல் லெவர்குஸ் ஓர் ஆலை தொடங்கினார். பின்னாளில் அவர் பெயரால் எழுந்த லெவர்குசன் நகரம் இன்றும் ஜெர்மனியின் பெரிய வேதித்தொழில் மையம். 1838-ல் நியூரம்பெர்க்கில் இன்னோர் ஆலை வந்தது. ஆலைகள் பெருகப் பெருக விலை சரிந்தது.

விலை சரிந்த நீலம் ஓவியக் கூடத்தோடு நிற்கவில்லை. பழுப்பேறிய வெள்ளைத் துணியில் துளி நீலம் ஏறினால், மஞ்சள் மறைந்து கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். காகிதத்துக்கும் அதே பயன். ஓவியர்கள் வாங்கியது சிட்டிகை. சலவைத் தொட்டிகள் கேட்டது டன் கணக்கில்.

இங்கிலாந்தின் ஹல் நகரத்து ரெக்கிட் நிறுவனம் அந்தச் சலவை நீலத்தை உலகமெங்கும் விற்றது. நம் வீடுகளில் அது ராபின் நீலமாக வந்து சேர்ந்தது. வேட்டிக்கும் பள்ளிச் சீருடைக்கும் நீலம் போட்டவர்கள், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் நீலம் கலந்தவர்கள், எல்லோரும் கையில் தொட்டது கிர்லாந்தாயோவின் பத்திரத்தில் விலை எழுதப்பட்ட அதே வண்ணத்தின் செயற்கை வடிவத்தைத்தான். பிரஷ்யன் நீலத்தைக் கெடுத்த சுண்ணாம்பு இதை ஒன்றும் செய்யவில்லை. நம் ஊர்ச் சுவர்களே அதற்குச் சான்று.

கிமே குடும்பத்தின் செல்வமும் தமிழ்நாட்டை வேறொரு வழியில் தொடுகிறது. ழான்-பாப்டிஸ்டின் மகன் எமில் கிமே தொழிற்சாலையை நடத்திக்கொண்டே ஆசியச் சமயங்களைப் படித்தார். 1876-ல் ஓவியர் ஃபெலிக்ஸ் ரெகமியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஜப்பான், சீனா, இந்தியா என்று பயணம் போனார். திரட்டிய சிலைகளுக்காக 1879-ல் லியோனில் அவர் தொடங்கிய அருங்காட்சியகம் 1889-ல் பாரிஸுக்கு மாறியது. அதுதான் கிமே அருங்காட்சியகம். இன்று அங்கே பதினோராம் நூற்றாண்டுச் சோழர் கால நடராசர் வெண்கலச் சிலை நிற்கிறது. அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருப்பது நீலத்தில் ஈட்டிய பணம்.

*

விடை தெரியாமலே செய்தார்கள்

ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. கிமேக்கும் க்மெலினுக்கும் நீலத்தைச் செய்யத் தெரிந்தது. அது ஏன் நீலமாக இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியாது.

அந்த விடை இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. சிலிக்காவும் அலுமினாவும் வெப்பத்தில் சேர்ந்து மிகச் சிறிய கூண்டுகளைக் கட்டுகின்றன. கூண்டுகள் பலவற்றுக்குள் மூன்று கந்தக அணுக்கள் ஒன்றாக, ஓர் எலெக்ட்ரான் கூடுதலாகப் பெற்று அடைபட்டிருக்கின்றன. அவை ஒளியின் மஞ்சள், ஆரஞ்சுப் பகுதியை விழுங்குகின்றன. நம் கண்ணுக்கு நீலம் எஞ்சுகிறது. கூண்டு உடைந்தால் கந்தகம் தப்பிவிடும், நிறமும் போய்விடும். அமிலம் பட்டதும் நீலம் மறைந்து நாற்றம் எழுவது இதனால்தான்.

இயற்கை நீலத்துக்கும் உலை நீலத்துக்கும் கூண்டு ஒன்றுதான். வேறுபாடு துகளில். நுண்ணோக்கியில் பார்த்தால் கல்லிலிருந்து வந்த துகள்கள் பெரிதும் சிறிதுமாக, கூர்மையான விளிம்புகளோடு தெரியும்; இடையிடையே கால்சைட்டும் பைரைட்டும் கலந்திருக்கும். உலையில் பிறந்தவை நுணுக்கமாக, உருண்டு, ஒரே சீராக இருக்கும். அந்தச் சீர்மை அழுத்தமான நீலத்தைத் தந்தது. கல்லின் நீலத்தில் பழகிய சில கண்களுக்கு அது கடுமையாகப் பட்டது.

இந்த வேறுபாடு இன்று போலிகளைப் பிடிக்கும் கருவியும்கூட. பதினேழாம் நூற்றாண்டு ஓவியம் என்று விற்கப்படும் ஒன்றின் மூல அடுக்கில் சீரான உருண்டைத் துகள்கள் தென்பட்டால், அந்த அடுக்கு 1826-க்கு முன் பூசப்பட்டிருக்க வழியில்லை.

ஓவியர்கள் இந்த நீலத்தைக் கையில் எடுத்தபோது என்ன நடந்தது என்பதற்கு லண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் சேகரிப்பில் ஒரு சாட்சி இருக்கிறது: ரெனுவாரின் 'குடைகள்'. 1880-களில் இரண்டு கட்டமாக வரைந்த படம் அது. முதல் கட்டத்தில் அவர் பூசியது கோபால்ட் நீலம். சில ஆண்டு கழித்துத் திரும்பி வந்து பூசியது செயற்கை அல்ட்ராமரைன். தெருவில் மழைக்குக் குடை பிடித்து நிற்கும் கூட்டம் முழுவதையும் நீலத்தால் நிரப்பியிருக்கிறார். நான்கு நூற்றாண்டுக்கு முன் இது தேவமாதாவின் மேலங்கிக்கு அவுன்ஸ் கணக்கில் அளந்து கொடுத்த வண்ணம். இப்போது கடைத்தெருவில் போகும் எவருக்கும் அதைப் பூசலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1824-ன் அந்த 300 பிராங்க் நிபந்தனை ஓவியருக்குக் கொடுத்த சுதந்திரம் இதுதான்.

*

ஆனால் ஒரு தடை

விலை இறங்கிவிட்டது. வண்ணம் எல்லோருக்கும் எட்டியது. இருந்தும் 1830-களின் ஓவியர் தன் கூடத்தை விட்டு வெளியே வர முடியவில்லை.

காரணம், வண்ணத்தை வைக்க இடமில்லை. எண்ணெயில் குழைத்த வண்ணத்தைக் கடைக்காரர்கள் பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்து, நூலால் இறுகக் கட்டி விற்றார்கள். ஓவியர் அதை ஆணியால் குத்தி, வேண்டியதைப் பிதுக்கி எடுப்பார். குத்திய துளையை மறுபடி சரியாக அடைக்க முடியாது. காற்றுப் பட்ட வண்ணம் உள்ளேயே இறுகும். வண்டியில் எடுத்துப் போனால் பை வெடிக்கும், உடையெல்லாம் வண்ணமாகும்.

வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் போய், வெயில் மாறுவதற்குள் அங்கேயே எண்ணெய் வண்ணத்தில் ஒரு படத்தை முடிப்பது பெரும்பாட்டுக்குரிய காரியமாக இருந்தது. வானத்தின் நீலத்தை மலிவாகச் செய்துவிட்டார்கள். அந்த நீலத்தோடு வானத்தின் கீழே போய் நிற்கத்தான் வழியில்லை.

1841-ல், லண்டனில் குடியிருந்த ஓர் அமெரிக்க உருவப்பட ஓவியர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் பதிவு செய்தது ஒரு புதிய நிறமும் இல்லை, தூரிகையும் இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளீயப் பொருள்.

அது என்ன? ஓவியக் கலையையே அறையிலிருந்து வெளியே அழைத்துவரும் ஆற்றல் அதற்கு எங்கிருந்து வந்தது?

(அடுத்த வாரம்)